கீரை வெந்த வெள்ளம்

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறந்த கடையில் 'கேஜன் சிக்கன்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சாயா தருவது வழக்கம். இந்தத் தடவை அந்தக் கடைக் கோழியும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு துண்டு தின்று பார்த்தேன். சிவப்பு மசாலாப்பொடியில் புரட்டிப் பொரித்த கோழி. குற்றம் சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருந்தது.

"தாசண்ணா, இதாக்கும் நீங்க பண்டு கடல்ல வச்சிட்டிருந்த சாப்பாடு, இல்லியா?" என்றான் ஷிபு. இப்போது அங்கே பெரிய குக் அவன்தான். "கேஜன், கிரியோல், சோல் ஃபுட், எல்லாம் பேரு மட்டும்தானே வேற? அமெரிக்காக்காரனுக்க தெக்கத்திச் சாப்பாடு, அவ்வளவுதானே?"

"அப்படின்னா ஒனக்க வீட்டுத் தீயலும் பொழியூர்க்காரனுக்க மீன்கறியும் ஒண்ணா மக்கா?"

"அது எப்படி ஒண்ணாவும்?"

"இதுவும் அப்படித்தான்."

அப்படியானால் எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். ஆறாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. எனக்கு எதிலும் முதலில் வருவது பயம்தான். வீட்டைப் பூட்டிவிட்டு முச்சந்தி வரை போய், கேஸை அடைத்தேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். ஒருவருடைய ஊரை இன்னொருவருக்கு எழுதிவிடுவேனோ, ஒருவருடைய சட்டியில் இன்னொருவருடைய சாமானைப் போட்டுவிடுவேனோ என்று நாலைந்து நாள் பேனாவைத் தொடவே இல்லை. இதில் தப்பு இருந்தால் அது என் ஞாபகத்தின் தப்பு, அந்த மனிதர்களுடையது அல்ல.

என் ஊரான கொல்லயிலிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறி, அங்கிருந்து வளைகுடாவுக்குப் போன கதையை நீட்ட வேண்டாம். கடலுக்குள் இரும்புக் கால்களில் நிற்கும் எண்ணெய் தோண்டும் மேடை ஒன்றில் பாத்திரம் கழுவினேன், வெங்காயம் உரித்தேன், பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். தோண்டுகிறவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவின் தெற்கே லூசியானா என்ற மாநிலத்துக்காரர்கள். பெரிய குக் எர்ல் அந்த மாநிலம். அவருக்கு அடுத்த குக் லூயியும் அதே மாநிலம். ஆனால் எர்ல் சதுப்புக்காட்டுப் பக்கம், லூயி நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுகப் பட்டணம். அந்த வித்தியாசம் அவர்களுக்குச் சாதாரணமானதல்ல.

எர்லின் முன்னோர்கள் பிரெஞ்சு பேசுகிற குடியானவர்களாம். வடக்கே கனடாப் பக்கத்துக் குளிர்நாட்டிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் விரட்டிவிட, இந்தச் சதுப்பில் வந்து ஒதுங்கியவர்கள். கோழியோ, புகைபோட்ட இறைச்சியோ, சேற்றில் பிடித்த இறாலோ, கிடைத்ததை ஒரே சட்டியில் போட்டு நிதானமாக வேகவைத்தார்கள். அது கேஜன். லூயியின் பட்டணத்தில் பிரெஞ்சுக்காரனும் ஸ்பெயின்காரனும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் ஒரே சந்தையில் நடமாடினார்கள். அங்கே வெண்ணெய் உண்டு, தக்காளி உண்டு, விருந்துமேசை உண்டு. அது கிரியோல். வெங்காயம், செலரித் தண்டு, குடமிளகாய் மூன்றையும் நறுக்கித் தொடங்குவது இரண்டு பேருக்கும் பொது. அதற்குப் பிறகு பொது ஒன்றும் கிடையாது.

கம்போ என்று ஒரு குழம்பு. அதற்கு அஸ்திவாரம் கொழுப்பில் வறுத்த மைதா. லூயி வெண்ணெயில் வறுத்து, வேர்க்கடலைத் தோல் நிறம் வந்ததும் நிறுத்துவார். எர்லுக்கு எண்ணெயில் வறுத்து அது கறுக்க வேண்டும். ஆனால் கரியக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கரித்துத் திட்டு வாங்கியவர்கள். எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது. காரணம் தீயல் குழம்புதான். எங்கள் பக்கத்தில் தீயலுக்குத் தேங்காய் வறுப்பது அப்படித்தான்: சிவந்து, பழைய தேக்கின் நிறத்துக்கு வந்து, வாசனை ஒரு மாதிரி திரும்பும் இடத்தில் சட்டியை இறக்க வேண்டும். அந்த இடத்தை மூக்கு அறியும். பிறகு, கவலைப்படுகிறவன் அடுப்பை விட்டு நகரவும் மாட்டான். எர்ல் கரண்டியை வாங்கி முகர்ந்து பார்த்து, உன் நாட்டிலும் சதுப்பு உண்டா என்று கேட்டார்.

ஒரு நாள் லூயி, எர்லின் கம்போவில் தக்காளி போட்டுவிட்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நடுவில் நான்தான் தூதன். "அவனிடம் உப்பைக் கேள்" என்பார் எர்ல். உப்பு அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மீனுக்குக் குடம்புளியா வாளன்புளியா என்று கல்யாண வீட்டிலிருந்தே எழுந்து போனவர்களை ஊரில் பார்த்தவன் நான். அதனால் எனக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை.

ஷிபு சொன்ன மூன்றாவது, சோல் ஃபுட் சட்டியை, நான் அங்கே பார்க்கவில்லை. மேடையில் கறுப்பினத் தொழிலாளிகளும் இருந்தார்கள். அவர்கள் எர்ல் வைத்ததைத் தின்றார்கள், லூயி வைத்ததையும் தின்றார்கள். அவர்கள் வீட்டுச் சட்டி அங்கே ஏறவில்லை. அதற்குப் பன்றி வேண்டும், அந்த வளைகுடா நாட்டில் பன்றி கூடாது.

குவைத் சண்டை வந்தபோது மற்றவர்களைப் போல நானும் ஊருக்கு வந்தேன். பிறகு திரும்பிப் போகவில்லை. மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குத் தனியாகச் சமைக்கிற டயட் கிச்சனில் வேலை கிடைத்தது. அங்கே இரண்டே பேர், நானும் வெரோணிக்கா அக்காவும். அக்கா பொழியூர் கடற்கரைக்காரி, கத்தோலிக்கர். கணவர் கடலுக்குப் போகிறவர். நான் கடற்கரையை விட்டுத் தள்ளி வாழும் மிஷன் சர்ச்காரன் என்பதால், "ஒங்க கூட்டக்காரங்களுக்கு மீன் கடையில முளைக்குதுன்னு நெனப்பு" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்.

எங்களுக்கு மேலே மேட்ரன். சத்தம் போடாத மனுஷி. வெள்ளைச் சேலை, முழங்கை வரை ஜாக்கெட், கையில் எப்போதும் ஒரு ஸ்பூன். எதையும் ஸ்பூனின் முதுகால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். நல்லது என்று சொன்னதே இல்லை. "இருக்கட்டு" என்றால் நல்லது, ஒன்றும் சொல்லாவிட்டால் திரும்ப வை என்று அர்த்தம். அவருடைய முறை ஒன்று உண்டு, அதை இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். வார்டுக்குப் போகிற தட்டை அவர் பார்க்க மாட்டார். "வந்த தட்டக் காட்டு" என்பார். சாப்பாடு முடிந்து திரும்பும் தட்டுகளையெல்லாம் கழுவாமல் சிமென்ட் திட்டில் வரிசையாக வைக்க வேண்டும். மேட்ரன் ஒவ்வொன்றாகக் குனிந்து, மிச்சத்தை ஸ்பூனால் தள்ளிப் பார்ப்பார்.

"இவன் நடுவில தின்னிருக்கான். பசி உண்டு, கொமட்டல் வந்து நிறுத்தினது. நாளைக்குக் கொஞ்சமா நாலு தடவை குடு." அடுத்த தட்டு: "இது ஓரத்தில மட்டும் தொட்டது. நர்சு நிக்குறாளேன்னு மரியாதைக்குத் தின்னது. பசி இல்ல."

தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். கட்டிலைத் தேடிப் போனால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

இன்னொரு கட்டளையும் உண்டு. வேகவைத்த காயிலும் கீரையிலும் சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். வெந்த வெள்ளத்தை வடித்து, தட்டை வைத்து அமுக்கிப் பிழிந்துதான் பரிமாற வேண்டும். பழைய காலத்து வெள்ளைக்கார மதாம்மாக்கள் விட்டுப்போன இங்கிலீஷ் டயட் முறை அது. எங்கள் கைக்கும் அது தானாக வந்தது. மரச்சீனிக் கிழங்கு தின்று வளர்ந்த ஊரல்லவா? மரச்சீனி வெந்த வெள்ளத்தில் கட்டு என்கிற விஷம் இருக்கும், வடித்துக் களையாவிட்டால் தலை சுற்றும். அதனால் எது வெந்தாலும் எங்கள் கை முதலில் வெள்ளத்தைக் கொட்டத்தான் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் ரூபியம்மா வந்தார்.

கறுப்பின அமெரிக்கப் பெண்மணி. ஐம்பது தாண்டியிருக்கும். குறைமாசத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பார்ப்பதில் பெரிய நர்ஸ். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை கட்டி, பெயின்ட் அடித்து, பூட்டி வைத்திருந்தார்கள். எங்கள் நர்சுகளுக்கு வேலை பழக்கி அந்த அறையைத் திறந்துவைக்க வந்தவர் அவர். அதுவரை குறைமாசக் குழந்தை பிறந்தால் துணியில் பொதிந்து, டாக்சியில் திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டும். சில குழந்தைகள் போய்ச் சேரும். வெரோணிக்கா அக்காவின் மகளை மலையோரத்தில் ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய முதல் குழந்தை போய்ச் சேரவில்லை. இப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

ரூபியம்மா வந்து வேலை தொடங்குவதற்குள் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சாப்பாடு திரும்பவில்லை. ரொட்டி, சூப்பு, கஸ்டர்ட், முட்டை என்று என் கையில் இருந்த இங்கிலீஷ் டயட் முழுவதும் போய்த் திரும்பி வந்தது. டாக்டர் கிச்சனுக்கே வந்துவிட்டார். ரத்தத்தில் குற்றம் ஒன்றும் இல்லை, என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் இந்த வாரமும் இப்படியே போனால் விமானத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். அவர் போன பிறகு வெரோணிக்கா அக்கா திரும்பி வந்த தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "எலே தாசா, ஒனக்கு அவங்க நாட்டுச் சாப்பாடு தெரியுமின்னு பெருமை அடிப்பியே. இப்போ அடி" என்றார்.

மேட்ரனிடம் ரூபியம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். லூசியானாவில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார் என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. லூசியானா என்றால் எனக்குத் தெரிந்த ஊர்.

எர்லின் கம்போ வைத்தேன். மைதாவைத் தேக்கு நிறத்துக்கு வறுத்தேன். செலரி கிடைக்காததால் தண்டங்கீரையின் இளந்தண்டை நறுக்கினேன். கோழியின் தொடைக்கறி போட்டேன், வாசனை ஆஸ்பத்திரி கேட் வரை போயிற்று. தட்டு போய்த் திரும்பி வந்தது. ஓரத்தில் இரண்டு ஸ்பூன் தடம். மேட்ரன் குனிந்து பார்த்தார். "மரியாதைக்கு" என்றார்.

மறுநாள் லூயியின் முறை. வெண்ணெய், தக்காளி, வெரோணிக்கா அக்கா கரையிலிருந்து கொண்டுவந்த பெரிய இறால், வெண்டைக்காய். அதுவும் வந்தது. ஓரத்தில் மூன்று ஸ்பூன். மேட்ரன் அதற்கும் அதே வார்த்தைதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "போய் ஆளக் கேளு. தட்டு இதுக்கு மேல பறையாது" என்றார்.

விருந்தினர் அறை கிச்சனுக்குப் பின்னால், வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம். ரூபியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேடையில் கற்ற உடைந்த இங்கிலீஷில், சாப்பாடு மோசமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மோசமில்லை, வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றதும் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"என் தெருவரைக்கும் வந்துவிட்டாய். நேற்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாய், இன்றைக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாய். இரண்டு வீட்டிலும் நல்ல சமையல்தான். நான் குடியிருக்கிற வீடு மட்டும் பாக்கி."

லூசியானாவில் அவருக்கு வேலைதானாம். பிறந்தது பக்கத்தில் மிசிசிப்பியில், பருத்தி விளைகிற கிராமத்தில். உங்கள் வீட்டில் என்ன வைப்பார்கள் என்று கேட்டேன். "கீரை" என்றார். அதற்கு மேல் பேசத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

கீரைதானா என்று நிம்மதியாகத் திரும்பினேன். மத்தன் இலையும் பயற்றிலையும் வேலியிலேயே நின்றன. தோரன் வைத்தால் தேங்காய் பிடிக்காமல் போகலாம், கடுகு பிடிக்காமல் போகலாம். ஆகவே உப்பு மட்டும் போட்டு வேகவைத்தேன். மேட்ரன் கட்டளைப்படி வெரோணிக்கா அக்கா சல்லடையில் கொட்டி, அமுக்கிப் பிழிந்து, பச்சை நிறமாக வடிந்த வெள்ளத்தை வாளியில் எடுத்துக்கொண்டு போய் வாழை மூட்டில் ஊற்றினார்.

"தாசா, இங்க ஓடி வா" என்று பின்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. "மதாம்மா எழும்பி வந்து நிக்குதாவ. வாழையக் காட்டுதாவ. பழம் வேணுமோ என்னவோ."

போய்ப் பார்த்தேன். நாள் கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காத மனுஷி, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கை வாழை மூட்டைக் காட்டியபடி இருந்தது. பழத்தை அல்ல. ஈரமான மண்ணை.

"அதை ஏன் மண்ணுக்குக் கொடுத்தீர்கள்?" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அக்கா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெந்த வெள்ளத்தையா? கட்டு உள்ளதில்லியா அது?"

"மரச்சீனிக்கல்லவா அக்கா கட்டு. கீரைக்கு ஏது?"

"அதும் செரிதான்" என்றார் அக்கா. "பின்ன நாம என்னத்துக்கு இதை ஊத்திக் களையுதோம்?"

ரூபியம்மா படியில் உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார், நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர்கள் முன்னோர்கள் பருத்திக்காட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். பெரிய வீட்டுக்காரர்கள் கீரையை மட்டும் தின்றுவிட்டு, வெந்த தண்ணீரைச் சமையற்கட்டிலேயே விட்டுவிடுவார்களாம். அதை இவர்கள் ஆட்கள் கொட்டவில்லை. தங்களுக்கு எறிந்த பன்றி எலும்பைப் புகையில் காயவைத்து, அதோடு கீரையை வெகுநேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்கும் சீக்காளிகளுக்கும் கொடுத்தார்கள். சோளரொட்டியை அதில் பிய்த்துப் போட்டுக்கொள்வார்களாம். "காய்ச்சல் வந்தால் எங்கள் அம்மா முதலில் கப்பைத்தான் எடுப்பாள், தட்டை அல்ல" என்றார்.

வெரோணிக்கா அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எலும்பா? புகைபோட்ட பன்னி எலும்பா? எனக்க மகளுக்க வீட்ல அடுப்புக்கு மேல தொங்குதே. மலையோரத்தில அவங்க அப்படித்தான் வைப்பாவ. மழைக்காலத்துக்கு." சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பை உதறிச் செருகினார். "நான் இப்பமே போயிட்டு வாறேன். மேட்ரன் கேட்டா பஸ்ஸு பிடிக்கப் போயாச்சுன்னு பறஞ்சிடு."

"அக்கா, மேட்ரன் என்னைக் கொல்லும்."

"கொல்லட்டு. எனக்க மகளுக்கு இது அஞ்சாம் மாசமாக்கும் மக்கா."

அவ்வளவுதான் சொன்னார். அந்த அறையைப் பற்றியும் அந்தப் பூட்டைப் பற்றியும் அக்கா என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

சோளமாவுக்கு நான் அலைந்தேன். நெய்யாற்றின்கரையில் இல்லை. காட்டாக்கடைச் சந்தையில் கோழித்தீனி விற்கிற கடையில் மக்காச்சோளம் இருந்தது. புழு இருக்குமோ, மருந்து அடித்திருக்குமோ என்று பயந்து, மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்தேன். கடைக்காரர் பொறுமை இழந்து, "அண்ணா, கோழி இவ்வளவு பாக்காது கேட்டியா" என்றார். வீட்டில் கழுவி உலர்த்தி மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை கோழி?" என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். "அங்க இப்போ கோழியும் சிகிச்சைக்கு வருதா?"

எலும்பு வந்தது, மாவு வந்தது. மேட்ரன் வாசலில் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேவிச்ச வெள்ளத்தச் சீக்காளிக்குக் குடிக்கக் குடுக்கவா?" என்றார். "பெரிய மதாம்மா காலத்திலேந்து இங்க ஊத்திக் களையுறதாக்கும்."

"அவங்கதான் கேக்குறாங்க."

மேட்ரன் தடுக்கவில்லை. நகரவும் இல்லை. அவருக்கு முன்னாலேயே சமைக்க வேண்டியதாயிற்று.

ரூபியம்மா சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன். புகைபோட்ட எலும்பை வெந்நீரில் கழுவி, புதுத் தண்ணீரில் போட்டு, மூடி, எலும்பு தன் உப்பையும் புகையையும் தண்ணீருக்குக் கொடுக்கும்வரை வேகவைக்க வேண்டும். ஒரு வெங்காயம், ஒரு வற்றல் மிளகாய், கிள்ளாமல் முழுசாக. பிறகுதான் கீரை. பயற்றிலையின் நரம்பைக் கிழித்து எடுத்து, மத்தன் இலையின் சுணையை உரித்து, கையால் பிய்த்துப் போட வேண்டும். தோரனுக்குப் போல உடனே இறக்கக் கூடாது. பச்சை மங்கி, பாசி நிறம் வந்து, இலை சொன்னபடி கேட்கும்வரை அடுப்பு மெதுவாக எரிய வேண்டும். அடுப்பை அணைக்க என் கை போய்க்கொண்டே இருந்தது. கீரையை இவ்வளவு நேரம் அடுப்பில் விட்டால் எங்கள் வீட்டில் ஏச்சுதான் விழும். கடைசியில் ஒரு துளி வினாகிரி, ஒரு நுள்ளுச் சர்க்கரை. சோளரொட்டிக்கு மோர், முட்டை, ஆப்பச்சோடா. இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுச் சூடாக்கி, மாவை ஊற்றும்போது 'சுர்' என்று சத்தம் வர வேண்டும், உடனே ஓவனுக்குள் வைக்க வேண்டும்.

மேட்ரன் ஸ்பூனின் முதுகால் வெள்ளத்தைத் தொட்டார். நாக்கில் வைத்தார். மறுபடியும் தொட்டார். பிறகு ஸ்பூனை நிமிர்த்தி, கோரிக் குடித்தார். அவர் ஸ்பூனை நிமிர்த்திப் பிடித்து நான் பார்த்தது அன்றுதான்.

"கப்பில ஊத்து" என்றார். "மூடிக் கொண்டு போ. ஆறப்பிடாது."

வெரோணிக்கா அக்கா கொண்டுபோனார். நான் போகவில்லை. திட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உப்பு கூடியிருக்குமோ, கோழித்தீனி வாடை அடிக்குமோ, எலும்புச் சில்லு கிடந்து தொண்டையில் சிக்குமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி வர நேரமாயிற்று. நேரம் ஆவது நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தட்டு வந்தது. அக்கா அதைத் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மேட்ரன் குனிந்தார். ரொட்டி இருந்த இடத்தில் பொடிகூட இல்லை. விரலால் துடைத்து எடுத்த தடம் மட்டும் இருந்தது. மேட்ரன் கப்பை எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். ஒரு பச்சைத் துளி, யோசித்து யோசித்து, விளிம்பில் வந்து நின்றது.

"பசிச்சுத் தின்னது" என்றார் மேட்ரன். "ராத்திரிக்கும் வை."

விமானப் பேச்சு அதோடு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ரூபியம்மா எழுந்து நடந்தார். கிச்சனுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்து எங்களோடு பேச ஆரம்பித்தார். அப்போதுதான் மூன்றாவது சட்டியின் கதை எனக்குப் பிடிபட்டது. சோல் ஃபுட் என்ற பெயரே பிற்பாடு வந்ததாம். பருத்திக்காட்டை விட்டு வடக்கே பட்டணங்களுக்கு ரயிலேறிப் போனவர்கள், ஊரில் தின்ற கீரையையும் பயற்றையும் சோளரொட்டியையும் அங்கேயும் வைத்து, ஆத்மாவின் சாப்பாடு என்று பெயரிட்டார்கள். மிச்சமும் மீதியுமாகக் கொடுக்கப்பட்டதைக் கொண்டு, வாரம் ஒருநாளாவது விருந்து வைத்த கை அது என்றார்.

எர்லையும் லூயியையும் பற்றிச் சொன்னேன். தக்காளிச் சண்டையைக் கேட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "லூயியின் பட்டணத்தில் பெரிய வீடுகளில் சட்டியைக் கிண்டியது யார் என்று அவர் சொன்னாரா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். "எங்கள் ஆட்கள். எர்லின் ஊரில் கம்போவுக்குப் போடுகிற வெண்டைக்காயும் எங்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். மூன்று வீடும் வேறு வேறுதான் தாசன். ஆனால் சுவர் முழுசாக எழும்பவில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் மற்ற வீட்டில் தும்முவார்கள்." ஷிபு கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

குறைமாசக் குழந்தைகளின் அறை திறந்தது. அங்கே முதலில் படுத்த குழந்தைகளில் ஒன்று வெரோணிக்கா அக்காவின் பேத்தி. பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து கீரை ஆய்ந்தார். ரூபியம்மா சாப்பிடக்கூட வராமல் அந்த அறையிலேயே கிடந்தார். அக்கா கப்பில் வெள்ளத்தை ஊற்றி, மூடி, வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பார். குழந்தை தேறி, எடை ஏறி, ஒற்றசேகரமங்கலத்துக்குப் போயிற்று. மேட்ரனும் தன் கட்டளையை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் கிச்சனில் கீரை வெந்த வெள்ளம் வாழை மூட்டுக்குப் போகவில்லை.

குழந்தை வீட்டுக்குப் போன வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு டாக்டரும் மனைவியும் புதிதாக வந்து சேர்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரூபியம்மாவோடு மேசையில் உட்கார்ந்தார்கள். அன்று வெரோணிக்கா அக்கா கரையிலிருந்து சாளை மீன் கொண்டுவந்து, அவர் வீட்டில் வைப்பதுபோலத் தேங்காய் அரைக்காமல், மிளகும் புளியும் மாங்காயும் போட்டு மண்சட்டியில் வைத்திருந்தார். ரூபியம்மா அதைச் சோற்றில் பிசைந்து, விரலால் தின்றுகொண்டிருந்தார்.

வந்த டாக்டர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுதான் இந்திய உணவா?" என்று கேட்டார்.

ரூபியம்மா நிமிர்ந்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "இது வெரோணிக்கா வீட்டுச் சாப்பாடு. தாசன் வீட்டில் வேறு மாதிரி வைப்பார்கள். நீங்கள் இரண்டு கதவையும் தட்ட வேண்டும்."

கதவுக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, "என்னவாம் தாசா, எனக்க பேரு கேக்குதே?" என்று என்னை இடித்தார். நான் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அப்போதும் ஒரே கவலைதான். புதிதாக வந்த இரண்டு பேருக்கும் சேர்த்து மீன் போதுமா என்று சட்டியைப் பார்க்கப் போனேன். போதும் போலத்தான் இருந்தது.